ஐந்நூறாவது ஆள்

மத்தியானம் ஒரு மணி. வெள்ளிக்கிழமை.

என்ன சிரிப்பு, எலியாஸ்? பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? முதலில் அந்தக் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றி மடியில் வை. அதை மாட்டிக்கொண்டு நீ பல்லைக் காட்டினால் எனக்குக் கதை வராது. வேன் ஸ்டெப்னியும் பஞ்சர், ஆள் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். இந்த அமிர்தி ரோட்டில் ஒரு டீக்கடை கூட இல்லை. கேரல் பாடிப் பாடி எல்லோருக்கும் தொண்டை போயாயிற்று. கதை கேட்டது நீங்கள்தான். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று எனக்குப் போன் போடக் கூடாது.

சரி. மத்தியானம் ஒரு மணி. ஆம்பூர்...

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஆம்பூர் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஜும்மா தொழுகைக்கு ஊரே போயிருக்கும். கடை ஷட்டரெல்லாம் பாதி இறங்கியிருக்கும். பிரியாணி அண்டாவின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலாளியே போயிருப்பார். பைபாஸிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிற கம்பெனி ரோட்டில் லாரி இல்லை, சைக்கிள் இல்லை, ஆள் இல்லை. வெயில் மட்டும். சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த அந்த வாடை... அது மட்டும்.

அந்த ரோட்டில் ஒருத்தன் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குத் தனியாக நடந்து வந்தான். ஜோவின். என் பள்ளிக்கூடத் தோழி கெசியாவின் தம்பி. வேறு சபைக்காரர்கள், உங்களுக்குத் தெரியாது. இந்தக் கதையில் பாதியை அவர்கள் சொல்லிக் கேட்டேன். மீதிப் பாதியை நானே பார்த்தேன், எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நர்ஸ் டியூட்டியில் இருந்தபோது. ஆகவே 'சும்மா அளக்காதீங்கக்கா' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஜோவினின் அப்பா சாந்தகுமார் நாலு வருஷம் முன்னால் தவறிவிட்டார். கெசியா ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பாகாயம் வீட்டில் ஜோவினும் அவன் அம்மா ஜெபகனி ஆன்ட்டியும் மட்டும்தான். ஆன்ட்டிக்கு இருதயம் கொஞ்சம் பலவீனம். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ராத்திரி எழுந்து மூச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் அவன்தான். பெங்களூரிலிருந்து இரண்டு தடவை நல்ல வேலை வந்தது. போகவில்லை. தினமும் பாகாயத்திலிருந்து ஆம்பூர் வரை பைக்கில் போய் வந்தான். 'நான் போய்ட்டா அம்மாக்கு யாரு இருக்காங்க?' என்று கேட்பான். ஆம்பூர் வேலை போனால் பெங்களூர்தான், பெங்களூர் போனால் அம்மா தனியாகிவிடுவாள். அவனுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அந்த வேலைக்குத்தான் அன்றைக்கு ஆபத்து.

அவன் கம்பெனி வெளிநாட்டுக்கு ஷூ அனுப்புகிறது. பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் கிராமம் கிராமமாகத் தையல் கூடம். ஒவ்வொரு கூடத்திலும் பெண்கள் கையில் ஒரு டேப்லெட். காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அத்தனை டேப்லெட்டும் ஒரே நேரத்தில் கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும், அதுவும் வி.பி.என். வழியாக மட்டும். வி.பி.என். என்றால் என்ன என்று முழிக்காதீர்கள், எனக்கும் ஜோவின் சொல்லித்தான் தெரியும். வெளியூரிலிருந்து ஆபீஸுக்கு வருவதற்கு ஒரு மூடின சந்து. நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சந்து முனையில் ஒரு கேட். பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால் உள்ளே விடும். அவ்வளவுதான்.

ஐந்நூறு பேர் ஒரே நிமிஷத்தில் வந்து நின்றால் அந்தக் கேட் தாங்குமா? அதைப் பார்ப்பதுதான் லோடு டெஸ்ட். நிஜ ஆள் வேண்டாம். கம்ப்யூட்டரே ஐந்நூறு ஆள் மாதிரி நடித்துக் கேட்டைத் தட்டும். ஒருத்தர் கூட வெளியே நிற்கக் கூடாது என்பது வெளிநாட்டுக்காரர்களின் நிபந்தனை. மற்ற நேரத்தில் செய்தால் கம்பெனி வேலை நின்றுவிடும். ஆகவே ஜும்மா இடைவேளை. மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஜோவினுக்குக் கிடைத்தது.

முதல் வெள்ளி ஃபெயில். கூட்டத்தைப் பார்த்துக் கேட் திணறி, பாதிப் பேரை வெளியிலேயே நிறுத்திவிட்டது. அதைச் சரிசெய்தான். இரண்டாவது வெள்ளியும் ஃபெயில். இந்த முறை காரணம் வேறு. அவன் எல்லோரையும் ஒரே பெயரில் அனுப்பியிருந்தான். அந்தக் கேட்டின் சட்டப்படி ஒரு பெயருக்கு ஒரே ஆள். அதே பெயரில் இன்னொருத்தர் வந்தால், வந்தவரை உள்ளே எடுத்துக்கொண்டு முதலில் இருந்தவரை வெளியே தள்ளிவிடும். ஆக, ஐந்நூறு தனித்தனிப் பெயரும் ஐந்நூறு பாஸ்வேர்டும் வேண்டும்.

மேலாளர் ரஷீத் அஹமது அவனைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "ஜோவின், எனக்கு ரொம்ப பேஜாரா கீது. வர்ற வெள்ளிக்கும் இதே கதைன்னா நான் வேற ஆள பாத்துக்கிறேன். தப்பா நெனைக்காத."

தொழிலாளிகளின் பெயரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஜோவின் கேட்டான். நிஜ ஆட்களின் பெயரில் விளையாடக் கூடாது என்று ஆபீஸில் மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பாவி... நம்மைப் போல சபையில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது வரும்.

அவன் சபையின் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே குழப்பம். அதற்காக வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கல் கல்லாகப் போய்ப் படித்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஜோவின்தான் சங்கச் செயலாளர், அவனிடம் ஒரு பிரதி இருந்தது. பெயர், கல் நம்பர், இறந்த தேதி. ஐந்நூறுக்கு மேல் இருந்தது. கல் நம்பரை லாகின் ஆக்கினான். இறந்த தேதியைப் பாஸ்வேர்டு ஆக்கினான்.

கூட வேலை செய்யும் சுஹேல் அகமது எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனான்.

"இன்னாடா இது? கபர்ஸ்தான்ல கீறவங்கள எல்லாம் இப்டி பேர் சொல்லி கூப்புடுவியா? வேணா தோஸ்த். வுட்டுடு."

"கூப்புடலடா, லாகின் பண்றேன். பிரைவசி அது இதுன்னு யாரும் வந்து சண்ட போட மாட்டாங்கல்ல?"

சுஹேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டான்.

...

வாங்கின தண்ணீர் பாட்டிலோடு ஜோவின் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஏ.சி. ஓடும் சத்தம், மெஷின்களின் ஃபேன் சத்தம். வெளியே ஒரு மனித சத்தம் இல்லை. டெஸ்ட்டை ஓட விட்டான்.

நூறு... இருநூறு... நானூறு... கேட் திணறவில்லை. ஒவ்வொரு ஆளாகப் பச்சை விளக்கு. ஜோவின் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அங்கேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு. 'பாஸ்வேர்டு தவறு.'

எல்லோரையும் வெளியேற்றிவிட்டு மறுபடி ஓட்டினான். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பச்சை, அதே ஒரு சிவப்பு. கேட்டை அணைத்துப் போட்டான், கடிகாரங்களைச் சரிபார்த்தான், பெயர்களைத் தலைகீழாக அடுக்கி அனுப்பினான். அதே ஆள்தான் வெளியே நின்றார். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிவிட்டால் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் டெஸ்ட் இல்லை, வேலையும் இல்லை. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளுப்பா... உள்ள வுட்டுடுப்பா" என்று வாய்விட்டே வேண்டினானாம்.

கேட்டுக்கொண்டீர்களா? அவன் வாயாலேயே கேட்டான்.

கடைசியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தான். அந்தக் கல் நம்பருக்கு நேராக இறந்த தேதி காலியாக இருந்தது. தேதி இல்லை, ஆகவே பாஸ்வேர்டு இல்லை. 'பசங்க டைப் பண்ண மறந்துட்டானுங்க' என்று நினைத்தான். திரையில் இடம் போதாது என்று பெயர் இருந்த பத்தியை அவன் மறைத்து வைத்திருந்தான். கண்ணுக்குத் தெரிந்தது நம்பர் மட்டும். ஏதாவது ஒரு தேதி வேண்டும், எதுவாக இருந்தால் என்ன? ஆபீஸ் வேலை செய்கிறவர்களுக்குக் கை பழகியிருக்கும், இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் அன்றைய தேதி தானாக விழும். அழுத்தினான். விழுந்தது.

ஓட்டினான்.

ஐந்நூறு. ஐந்நூறும் பச்சை.

ஜோவின் எழுந்து நின்று கையைத் தட்டினானாம், தனியாக, அந்த அறையில். உடனே அம்மாவுக்குப் போன் போட்டான். முழுசாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. அப்போதுதான் அவன் மூக்கில் அந்த வாசனை ஏறியது. தோல் வாடை இல்லை. ஈர மண்... அன்றைக்குத்தான் தோண்டின மண். கூடவே சாமந்தி மாலையும் உருகின மெழுகுவத்தியும். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் தோட்டத்துக்குள் நுழைந்தால் என்ன வாசனை வருமோ அது. ஜன்னலே இல்லாத அறையில்.

போன் அடித்தது. கெசியா. அன்றைக்கு லீவு போட்டு அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். ஆட்டோ சத்தத்துக்கு நடுவே கத்தினாள்.

"ஜோவின்! அம்மா வுழுந்துட்டாங்கடா! சாதம் வடிச்சுக்கினே இருந்தாங்க, அப்டியே வுழுந்துட்டாங்க. கூப்ட்டா பேச மாட்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம், நீ வாடா!"

பைக் சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரை ஓடிவிட்டான். கடைசியாக ஒரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு ஆளுக்கு நேராகவும் இணைப்பில் என்ன போகிறது என்று காட்டும் கோடு அசையாமல் இருந்தது, சும்மா உள்ளே நிற்பதுதானே அவர்களின் வேலை. ஒரே ஒரு ஆளின் கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறி... இறங்கி... ஏறி... அந்த இணைப்பில் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஆள். அந்த ஐந்நூறாவது ஆள். அதன் மேல் அழுத்தினான். கேட் முழுப் பெயரைக் காட்டியது.

ஜெபகனி சாந்தகுமார்.

உங்கள் வீடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டே. புருஷனைப் புதைக்கும்போதே பக்கத்து இடத்தைப் பெண்சாதிக்கு என்று கேட்டு வைத்துவிடுவோம். ஒரே கல்லில் இரண்டு பெயரையும் வெட்டுவோம். உயிரோடு இருக்கிறவரின் தேதியை மட்டும் வெட்டாமல் விட்டு வைப்போம். நாலு வருஷம் முன்னால் அப்பா கல்லில் அம்மா பெயரையும் சேர்த்து வெட்டச் சொன்னது ஜோவினேதான். சங்கத்துப் பிள்ளைகள் கல்லில் இருந்த இரண்டு பெயருக்கும் தனித்தனி நம்பர் போட்டு, இருந்ததை அப்படியே டைப் செய்திருக்கிறார்கள். அந்தக் காலி இடத்தில்தான் அவன் அன்றைய தேதியைப் போட்டான். பெற்ற தாய்க்கு... தன் கையால்.

ஃப்ளாஸ்கை இப்படிக் கொடு. கொஞ்சம் இரு. ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன்.

...

கேஷுவாலிட்டிக்கு ஆன்ட்டியைக் கொண்டுவந்தபோது நாடி நூலாகத்தான் இருந்தது. நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மானிட்டரை மாட்டின ஒரு நிமிஷத்துக்குள் கோடு தட்டையாகிவிட்டது. டாக்டர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். திரைக்கு வெளியே கெசியா போனைக் காதில் வைத்துக்கொண்டு உளறிக்கொண்டிருந்தாள். "போன வைடி கெசி, இங்க கத்தாத!" என்று அவளைத் திட்டினேன். நல்ல வேளை, என் பேச்சை அவள் கேட்கவில்லை.

போனில் ஜோவின் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் தெரியுமா? "அக்கா, நான் இங்க ஒண்ணு பண்றேன். அம்மா எப்டி கீறாங்கன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்காத."

திரையில் அம்மா பெயரைப் பிடித்து 'வெளியேற்று' என்று அழுத்தினான்.

இங்கே கோடு துள்ளியது. டாக்டர் கையை எடுத்தார். ஆன்ட்டி இழுத்து ஒரு மூச்சு விட்டார்.

"வந்துட்டாங்கடா! மூச்சு வந்துச்சு!" கெசியா அழுதாள்.

அடுத்த நொடி அங்கே மறுபடி பச்சை விளக்கு. யார் விழுந்தாலும் உடனே திரும்ப உள்ளே அனுப்பு என்று அந்தப் புரோகிராமை அவன்தான் எழுதியிருந்தான். இங்கே கோடு மறுபடி தட்டை. அவன் வெளியேற்றினான், ஆன்ட்டிக்கு மூச்சு வந்தது. பச்சை விளக்கு எரிந்தது, மூச்சு நின்றது. மூன்று தடவை இப்படி நடந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி இருந்தது.

ஜோவின் புரோகிராமையே நிறுத்தினான். பெயர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அணைந்தன. நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் போயிற்று. அம்மா மட்டும் போகவில்லை. அனுப்புகிற புரோகிராம் நின்ற பிறகும், யாரும் அனுப்பாமலே, அந்த ஒரு பெயர் உள்ளேயே இருந்தது. வெளியேற்றினான், திரும்பி வந்தது. பெயரையே அழிக்கப் பார்த்தான். 'ஆள் உள்ளே இருக்கிறார், அழிக்க முடியாது' என்றது. கேபிளைப் பிடுங்கி எறிந்தான். கேட் ஆம்பூரில் இருந்தால்தானே? எங்கோ மும்பைப் பக்கம் வாடகை மெஷினில் இருக்கிறது. கேபிளைப் பிடுங்கினால் இவன் கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும். அழுதுகொண்டே மறுபடி சொருகினான். அதற்குள் அந்தக் கோடு இன்னும் உயர உயர ஏற ஆரம்பித்திருந்தது. இங்கே குறையக் குறைய அங்கே ஏறியது.

"அம்மா... வாணாம்மா... போவாதம்மா..." திரையில் நெற்றியை வைத்து முட்டினான்.

மேஜை மேல் இன்னொரு போன் அடித்தது. கம்பெனி போன். ரஷீத் அஹமது.

"ஜோவின்! மெயில் வந்துச்சு பா, ஐநூறும் பாஸாமே! சபாஷ்! ஒண்ணுத்தையும் தொடாத, அப்டியே வை. வெளிநாட்டுக்காரங்க பாக்கணும்றாங்க."

"எங்கம்மா உள்ள மாட்டிக்கினாங்க சார்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். அவருக்கு என்ன புரிந்திருக்கும், பாவம்.

இங்கே டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும். இன்னும் இரண்டு நிமிஷம், அதற்கப்புறம் நிறுத்திவிடுவார். நான் கெசியாவின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினேன். அவள் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"போறாங்கடா..."

அப்போதுதான் ஜோவினுக்கு அது தோன்றியது. ஒரு பெயருக்கு ஒரே ஆள். அதே பெயரில் இன்னொருத்தர் உள்ளே போனால், இருக்கிறவரை வெளியே தள்ளும். போன வாரம் அவன் டெஸ்ட்டைக் கெடுத்த அதே சட்டம். அம்மா இடத்துக்கு யாராவது போக வேண்டும், அவ்வளவுதான்.

யார் போவது? அந்த அறையில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

தன் போனை எடுத்தான். வி.பி.என். ஆப்பைத் திறந்தான். அம்மாவின் கல் நம்பரை அடித்தான். பாஸ்வேர்டு கேட்டது. அம்மா இறந்த தேதி. முதல் தடவை தெரியாமல் போட்டான். இந்தத் தடவை தெரிந்தே ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும். இரண்டு தடவை தப்பாக அடித்துவிட்டானாம். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு 'இணை' என்று அழுத்தினான்.

ஏ.சி. சத்தம் நின்றது. ஃபேன் சத்தமும் நின்றது. மெஷின் விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது... சத்தம் மட்டும் இல்லை. காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி. எவ்வளவு நேரம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அமைதியில், அவனுக்கு மிகப் பக்கத்தில் நிறையப் பேர் ஒதுங்கி இடம் விடுவது போலத் துணி உரசும் சத்தம் கேட்டதாம். அப்புறம் எல்லாம் பழையபடி.

இங்கே மானிட்டர் அடித்தது. டாக்டர் கையை நெஞ்சில் வைக்கவே இல்லை, அதற்குள் அடித்தது. தொடர்ந்து அடித்தது. ஆன்ட்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அடுப்ப அணைச்சாங்களா, ஃபீபி?" என்றார். எனக்கு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாயில் வந்துகொண்டே இருந்தது.

...

சாயங்காலம் ஜோவின் வந்து சேர்ந்தான். கையில் அந்தப் போன். சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் வழியில் வாங்கி வந்திருந்தான். இணைப்பைத் துண்டிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆன்ட்டி அவனை உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏன்டா, நீ எப்ப அங்கருந்து வந்த?"

"எங்கருந்தும்மா? ஆம்பூர்லருந்தா?"

"ஆம்பூர் இல்லடா. அங்க... நம்ம சபை ஜனம் அத்தினி பேரும் வரிசையா நிக்கறாங்க. உங்கப்பாவும் கீறாரு. நான் அவர் பக்கத்துல போய் நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. நீ எங்கருந்தோ ஓடியாந்து என் தோளப் புடிச்சு வெளிய தள்ளிட்டு, என் எடத்துல நீ நின்னுக்கின. உங்கப்பா உன்னப் பாத்து அழறாரு. வாடா வாடான்னு நான் கூப்புட்றேன், நீ திரும்பியே பாக்கல."

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நான் ஆன்ட்டியின் போர்வையைச் சரிசெய்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் ஜோவின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆன்ட்டி நன்றாகத் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அன்றைக்கு மத்தியானம் ஜோவின் அசதியில் கண்ணசந்துவிட்டான். கரண்ட் போயிருந்தது தெரியவில்லை. விழித்துப் பார்த்தால் போன் அணைந்து கிடக்கிறது. அம்மா என்று அலறிக்கொண்டு ஓடியிருக்கிறான். ஆன்ட்டி சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். "ஏன்டா கத்தற? பசிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விட்டது சனியன் என்று நினைத்துக்கொண்டு, போனைச் சார்ஜில் போடாமலே வைத்துவிட்டு, லேப்டாப்பில் அந்தக் கேட்டைத் திறந்து பார்த்தான்.

ஐந்நூறாவது ஆள் உள்ளே இருந்தார். வெள்ளிக்கிழமை அவன் நுழைந்த நேரத்திலிருந்து ஒரு நொடி கூட அறுபடவில்லை. எந்தக் கருவி வழியாக இணைந்திருக்கிறார் என்கிற இடம் காலியாக இருந்தது.

அப்போதைக்கு யாரிடமும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டான். திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனான். ரஷீத் அஹமது அவனுக்காக ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வைத்திருந்தார்.

கம்பெனி வாசலில் விரல் வைக்கிற வருகைப் பதிவு மெஷின் இருக்கிறது. தோல் வேலை செய்கிறவர்களுக்கு அதனால் தினமும் தகராறுதான். ரசாயனத்தில் கைரேகை தேய்ந்து போயிருக்கும். அப்படிப்பட்ட விரலை வைத்தால் மெஷின் பீப் என்று அடித்து, 'மறுபடி முயற்சிக்கவும்' என்று ஒரு பெண் குரலில் சொல்லும். செக்யூரிட்டி ராமமூர்த்தி பக்கத்திலேயே உட்கார்ந்து, துடைத்து வை, அழுத்தி வை என்று சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஜோவினுக்குப் பின்னால் வரிசையில் சுஹேல் நின்றிருந்தான். இதை அவன்தான் கெசியாவிடம் சொன்னான்.

ஜோவின் கட்டைவிரலை வைத்தான். மெஷின் பீப் அடிக்கவில்லை. முயற்சிக்கவும் என்று சொல்லவில்லை. தேய்ந்த விரல் பட்டாலும் கண்ணாடிக்கு அடியில் ஒரு பச்சை வெளிச்சம் வருமே, அதுவும் வரவில்லை. மற்ற விரல்களை வைத்தான். இடது கையை வைத்தான். ராமமூர்த்தி தன் விரலை வைத்துப் பார்த்தார், உடனே எடுத்துக்கொண்டது. சுஹேல் வைத்தான், எடுத்துக்கொண்டது. மறுபடி ஜோவின் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்து அழுத்திக்கொண்டே நின்றான்.

ராமமூர்த்தி குனிந்து மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோவின் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்.

"சும்மா நின்னா எப்டி தம்பி? வெரல வைங்க."

"வெச்சுக்கினுதாண்ணா இருக்கேன்..."